மணியின் தலையை வெட்டுங்கள்: பியேர் ஷேஃபர் காட்டிய வழியில் காவிரிக் கரையில் ஒலி இசை செய்யும் முறை

வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டிப் பாருங்கள். காதில் இரண்டு சங்கதி விழும். முதலில் 'ணங்' என்ற அடி. அது நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அதன் பிறகு கார்வை. நல்ல தாம்பாளமாக இருந்தால் பத்து, பதினைந்து நொடி வரை இழுக்கும். 'இது தாம்பாளம்' என்று நம் காது கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த அடியை வைத்துத்தான். அடியை வெட்டி எறிந்துவிட்டுக் கார்வையை மட்டும் ஒருவரிடம் போட்டுக் காட்டினால், ஏதோ ஊதுகிற வாத்தியம் என்பார்.

1948-இல் பாரிஸில், பிரெஞ்சு வானொலியின் பொறியாளர் பியேர் ஷேஃபர் இதைத்தான் கண்டுபிடித்தார். மணியை அடித்த பிறகு பதிவைத் தொடங்கினார். தேய்ந்துகொண்டே போகும் சத்தத்தை வால்யூம் குமிழால் ஏற்றிக் கொடுத்து, ஒரே அளவில் நிற்க வைத்தார். மணி ஓபோ மாதிரி ஒலித்தது. ஓபோவும் நம் நாதஸ்வரம் மாதிரி இரட்டைச் சீவாளி வாத்தியம்தான். வெண்கலத்துக்குள் இருக்கும் நாதஸ்வரத்தை ஒரே ஒரு வெட்டில் வெளியே எடுக்கலாம் என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஷேஃபரின் தொழில் வாழ்க்கையையே பாடத்திட்டமாக வைத்துக்கொள்வது நல்லது. அவர் தடுக்கி விழுந்த வரிசைதான் கற்றுக்கொள்ளவும் சரியான வரிசை. 1910-இல் நான்சி நகரில், வயலின் வாசிக்கும் அப்பாவுக்கும் பாடகியான அம்மாவுக்கும் பிறந்தவர். படித்தது பொறியியல். 1936-இல் வானொலிக்கு வந்தார். 1948-இல் அவர் கையில் டேப் கிடையாது, இசைத்தட்டு வெட்டும் இயந்திரம்தான். பாரிஸின் பத்தினியோல் ரயில் நிலையத்தில் எஞ்சின், ஊதல், சக்கரச் சத்தம் எல்லாவற்றையும் பதிந்து 'ரயில் ஆய்வு' என்ற இசைத் துண்டு ஒன்றைச் செய்தார். மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. அது உட்பட ஐந்து 'ஓசை ஆய்வுகள்' 1948 அக்டோபர் 5 அன்று வானொலியில் ஒலிபரப்பாயின. இந்த வகைக்கு அவர் வைத்த பெயர் ம்யூசிக் கான்க்ரேத். தாளில் எழுதிய ஸ்வரத்திலிருந்து கிளம்பாமல், கைக்கு அகப்பட்ட ஒலியிலிருந்து கிளம்பும் இசை என்று பொருள். பிறகு இசையமைப்பாளர் பியேர் ஹென்றி வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 18-இல் முதல் பொதுக் கச்சேரி நடந்தது. 1951-இல் ஸ்டூடியோவுக்கு டேப் வந்தது.

ரயில் ஆய்வில் அவருக்கே ஒரு குறை பட்டது. எவ்வளவு அடுக்கினாலும் கேட்பவருக்கு ரயில் ரயிலாகவே கேட்கிறது. மணியின் தலையை வெட்டியது இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டியது. நீங்களும் பதிந்ததைப் பதிந்தபடியே அடுக்கிவைத்தால் கிடைப்பது ஊர்ச் சத்தங்களின் தொகுப்பு. அதுவும் நல்ல காரியம்தான், ஆனால் வேறு காரியம்.

தாம்பாளத்தைப் பதிவது

பித்தளையைவிட வெண்கலம் மேல். தகரம் கூடுதலாகக் கலந்த உலோகம் கெட்டியானது, கார்வை நீளம். பூஜை மணி, பழைய வெண்கலப் பானை எல்லாம் உதவும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பித்தளைதான், ஆனாலும் அதன் அகல் தட்டு உதவும். எவர்சில்வர் தட்டும் ஒலிக்கும், ஆனால் கூரான சத்தம், சீக்கிரம் அடங்கிவிடும். தட்டைத் தரையில் வைக்காதீர்கள். பழந்துணியைச் சுருட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சும்மாடு கட்டி அதன் மேல் வையுங்கள். சும்மாடு பெரிதாக இருந்தால் விளிம்பை அமுக்கிக் கார்வையைக் கொன்றுவிடும்.

தட்டுவதற்கு மத்தின் பிடி, அல்லது துணி சுற்றிய குச்சி. இரும்பு வேண்டாம். அடி கூர்மையாகி அளவு மீறும். விளிம்பில் ஓரிடத்தில் தட்டிக் கேளுங்கள், பிறகு தட்டை இரண்டு விரற்கடை திருப்பித் தட்டுங்கள். ஓரிடத்தில் 'வௌ-வௌ' என்று கார்வை அலையடிக்கும், வேறோர் இடத்தில் நேராக நிற்கும். கையால் அடித்த தட்டு எதுவும் துல்லியமான வட்டம் இல்லை. அதனால் ஒரே சுருதியில் இருக்க வேண்டிய இரண்டு அதிர்வுகள் கொஞ்சம் விலகி, ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு இடத்தையும் மாக்கட்டியால் குறித்துக்கொண்டு, இரண்டையும் பதியுங்கள். நேரானது ஸ்வர வேலைக்கு, அலையடிப்பது நீண்ட கார்வை வேலைக்கு.

மைக் 30 முதல் 40 செ.மீ. தூரத்தில், தட்டுக்கு மேலே சாய்வாக. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம். நீட்டிக் குறைக்கும்போது அதன் அழுக்கு எல்லாம் மேலே வரும். பலமான அடி மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஃபோனில் பதிவதானால் ஒரு சோதனை அவசியம். ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருங்கள். பதிவைக் கேட்கும்போது, கார்வை குறையக் குறைய அறையின் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தால், ஃபோன் தானாக அளவைக் கூட்டுகிறது என்று அர்த்தம். அந்தப் பதிவு இந்த வேலைக்கு ஆகாது. அளவைக் கையால் நிறுத்திவைக்க விடும் பதிவுச் செயலி போடுங்கள்.

அமைதி ஏன் இவ்வளவு முக்கியம்? ஷேஃபர் செய்ததுபோல் தேயும் கார்வையை ஏற்றிக் கொடுக்கப் போகிறீர்கள். கார்வை 30 டெசிபல் இறங்கியிருந்தால் 30 டெசிபல் ஏற்ற வேண்டும். அப்போது மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தே 30 டெசிபல் ஏறும். இரண்டையும் நிறுத்துங்கள். டெல்டாவில் நேரம் பார்ப்பதும் ஒரு கலை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றிலும் பம்புசெட் ஓடும். ஆடியில் காற்று மைக்கை அறைந்துகொண்டே இருக்கும். ஐப்பசியில் தவளை. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி. தை, மாசியில் இரவிலும் அறுவடை இயந்திரம் ஓடும். பங்குனி விடியற்காலை மூன்று மணி, எங்கள் அனுபவத்தில் தங்கமான நேரம்.

கோயில் மணியையும் கல்லையும் தட்டிப் பதிய ஆசை வரும். தாராசுரத்தில் பலிபீடப் படி ஸ்வரம் பேசும் என்று கேள்விப்பட்டுத் தட்டித் தட்டியே தேய்த்ததால்தான் அதற்குக் கம்பி அடைப்பு. கோயில் பொருளைத் தட்ட வேண்டாம். பூஜையில் மணி அடிக்கும்போது அனுமதி கேட்டு, தள்ளி நின்று பதிந்துகொள்ளுங்கள்.

தலையை வெட்டுவது

கணினியில் ஆடாசிட்டி போதும், இலவசம். பதிவைத் திறந்து, அலை கிளம்பும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செங்குத்தாக ஒரு கோபுரம் எழும்பும். அதற்குப் பிறகு உடனே தாறுமாறான முட்கள் கொஞ்ச தூரம். அப்புறம் அலை ஒழுங்காகும். அந்த முட்கள் அடங்கும் இடம் பெரும்பாலும் 80-லிருந்து 150 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். அங்கே வெட்டுங்கள். 30 மில்லிசெகண்டில் வெட்டினால் போதாது, 'டிக்' என்று ஒரு மிச்சம் நிற்கும், காது உடனே 'தட்டு' என்று சொல்லிவிடும். ஒரு நொடிக்கு மேல் தள்ளி வெட்டினால் உலோகத்தின் பளபளப்புப் போய், வெறும் முனகல் மிஞ்சும்.

வெட்டிய முனையை மொட்டையாக விடாதீர்கள். 20 முதல் 40 மில்லிசெகண்ட் ஃபேட் இன் (ஒலி மெல்ல எழும்படி) கொடுங்கள். இல்லையென்றால் வெட்டே புது அடியாக மாறிக் 'டப்' என்று கேட்கும். பிறகு என்வலப் கருவியை எடுத்து, கார்வை இறங்கும் சரிவுக்கு எதிர்ச்சரிவு வரையுங்கள். முழுக்கத் தட்டையாக்க வேண்டாம். நாதஸ்வரக்காரர் மூச்சுகூட ஒரே அளவில் நிற்பதில்லை. கொஞ்சம் ஏறி இறங்கட்டும்.

பிரிட்டிஷ் வானொலியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் டீலியா டெர்பிஷர் செய்ததும் இதே வேலைதான். ஒரு உலோக விளக்குக் குடையைத் தட்டி, அடியை நீக்கி, ரீங்காரத்தை மட்டும் எடுத்து இசையாக்கினார். நாச்சியார்கோவில் விளக்கை வைத்துக்கொண்டு நாம் பொருளுக்கு அலைய வேண்டியதில்லை.

ஒரு தட்டிலிருந்து ஏழு ஸ்வரம்

டேப்பை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், நீளம் குறையும். பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி இறங்கும், நீளம் இரட்டிக்கும். ஷேஃபருக்காக ஜாக் புலான் செய்த ஃபோனோஜேன் என்ற கருவி இந்த வேலைக்குத்தான். 12 வெவ்வேறு விட்டமுள்ள உருளைகள், அவற்றை மாற்ற ஒரு கட்டைவரிசை. கட்டையை அமுக்கினால் டேப்பின் வேகம் மாறும்.

ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும் கட்டளையைத்தான் எடுக்க வேண்டும். நீளம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றுவது வேறு, அதில் ஒலி தகரமாகிவிடும். பதிந்த வேகத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், வேகத்தைப் பெருக்கும் எண்கள் இவை: ரி2-க்கு 1.125, க3-க்கு 1.25, ம1-க்கு 1.333, பஞ்சமத்துக்கு 1.5, த2-க்கு 1.667, நி3-க்கு 1.875, மேல் ஸட்ஜத்துக்கு 2. சங்கராபரணம் வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: வெண்கலத்தின் மேற்சுரங்கள் வீணைத் தந்தியைப் போல ஒழுங்கான மடங்குகளில் வராது. அதனால் இரண்டு ஸ்வரத்தைச் சேர்த்து ஒலித்தால் சண்டை பிடிக்கும். அது பிழையில்லை, அதுதான் அந்தப் பொருளின் குணம். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வைத்தால் அழகாக நிற்கும்.

ஒழுங்கான மெட்டு வேண்டும் என்பவர்கள் தந்திக்குப் போகலாம். 1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையை ரான் கிரெய்னர் எழுத, டெர்பிஷர் அதை டேப்பில் செய்து முடித்தார். ஒரே தந்தியை ஒருமுறை மீட்டிப் பதிந்து, வேகம் மாற்றி, ஸ்வரம் ஸ்வரமாக வெட்டி ஒட்டியதுதான் அதன் அடித்தளம். தம்பூராவில் ஒரே ஒரு மீட்டு பதிந்துகொண்டு இதைச் செய்துபாருங்கள். நான்கு ஸ்வரம் ஒட்டுவதற்குள் ஒரு மாலை போய்விடும். அந்தப் பொறுமை கைக்கு வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

வளையம்

இசைத்தட்டில் பள்ளம் சுருளாக உள்ளே போகும். ஷேஃபர் அதை வட்டமாக மூடிவிட்டார். ஊசி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு வளையம் 0.77 நொடி. அதே ஒலியை முப்பது தடவை கேட்டால் அது எதன் சத்தம் என்பது மறந்து, தாளமும் நிறமும் மட்டும் மிஞ்சும். தவில் சொல்லை ஓயாமல் சாதகம் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

இதற்கு டெல்டாவில் திருபுவனத்துத் தறியை விடச் சிறந்த பொருள் கிடையாது. மிதி, நாடா ஓட்டம், பலகை அடி என்று மூன்று சத்தம் ஒரு சுற்றில் வரும். தறிக்காரரிடம் கேட்டு, ஐந்து நிமிடம் தொடர்ந்து பதியுங்கள். பலகை அடி எழும்புவதற்கு 5 மில்லிசெகண்ட் முன்னால் தொடங்கி, அடுத்த பலகை அடிக்கு அதே 5 மில்லிசெகண்ட் முன்னால் முடியுங்கள். நடுக் கார்வையில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும். அடுத்து, அதே தறியின் இன்னொரு சுற்றையும் எடுங்கள். கை வேலை என்பதால் நீளம் கொஞ்சம் வேறாக இருக்கும். ஒன்று 1.20 நொடி, இன்னொன்று 1.25 என்றால், இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். மெல்ல விலகிப் போய், 30 நொடி கழித்து மறுபடி சேரும். கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையிலும் இப்படிப் பதியலாம், மூன்று மீட்டர் தள்ளி நின்று. கிட்டே போனால் சுத்தியல் அடி மைக்கைக் கிழித்துவிடும்.

வீட்டில் ஸ்பூல் ரெக்கார்டர் இருந்தால்

டேப் சுருளில் பதியும் பழைய இயந்திரம் அது. பரணில் ஒன்று கிடந்தால் முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். சிங்கப்பூரிலிருந்து வந்ததானால் 50 ஹெர்ட்ஸ், பிரச்சினை இல்லை. சவூதியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததானால் 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்டேஜைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றும் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றும் கப்பி உள்ளே இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ரப்பர் பெல்ட் நம் வெயிலில் உருகித் தாராகியிருக்கும். அதைத் துடைக்காமல் ஓட்டாதீர்கள். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம், டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட் முழுக்கப் பரவிவிடும்.

டேப்பின் அகலம் 6.35 மி.மீ. நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் 100 மில்லிசெகண்ட் என்பது 1.9 செ.மீ., 38 செ.மீ. வேகத்தில் 3.8 செ.மீ. வெட்டுகிற வேலைக்கு வேகம் கூடுதலாக இருப்பதே நல்லது. இரண்டு ஸ்பூலையும் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, 'ணங்' கிளம்பும் இடத்தை ஹெட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். டேப்பின் முதுகில் மெழுகுப் பென்சிலால் கோடு. அங்கிருந்து அளந்து, 45 டிகிரி சாய்வாக வெட்டுங்கள். சாய்வு வெட்டு ஹெட்டைக் கடக்க 19 வேகத்தில் 33 மில்லிசெகண்ட், 38 வேகத்தில் 17 மில்லிசெகண்ட் ஆகும். கணினியில் தனியாகக் கொடுத்த ஃபேட் இன் இங்கே கத்தியின் சாய்விலேயே வந்துவிடுகிறது. தவில் அடியை அப்படியே கூர்மையாக வைக்க வேண்டுமானால் நேர் வெட்டு.

ஒட்டுக்கு ஸ்பூலுக்கென்றே விற்கும் ஒட்டு நாடா. சாதாரண செல்லோ டேப்பின் பசை நம் புழுக்கத்தில் வழிந்து, அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். முதுகுப் பக்கம் மட்டும் ஒட்டுங்கள். இரண்டு முனையும் முட்ட வேண்டும், ஏறக் கூடாது. ஒட்டு நன்றாக இருந்தும் 'டக்' என்று கேட்டால் பிளேடு காந்தமாகியிருக்கும். குண்டூசியைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், இழுத்தால் பிளேடை மாற்றுங்கள்.

வளையத்துக்கு நீளம் வேண்டும். 19 வேகத்தில் 4 நொடி என்றால் 76 செ.மீ. இயந்திரத்துக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்தி, டேப்பை அதைச் சுற்றி வர விடுங்கள். பாட்டிலை நகர்த்தி இழுவையைச் சரிசெய்யலாம். எவர்சில்வர் சொம்பு வேண்டாம். காந்தம் பிடிக்கிற எவர்சில்வரும் உண்டு.

கொலோனுக்கு ஒரு நடை

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1952-இல் ஷேஃபரின் ஸ்டூடியோவில் வேலை செய்துவிட்டு, அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கொலோன் வானொலி ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கே நேர் எதிர்க் கொள்கை. மைக் வேண்டாம், மின்சாரத்திலிருந்து பிறந்த சுத்த ஒலி மட்டும். அவருடைய 1954-ஆம் ஆண்டு 'இரண்டாம் ஆய்வு' 81 சுருதிகளில் அமைந்தது. 100 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறக்குறைய 1.0665 மடங்கு. நம் ஸ்தாயிக் கணக்கு அதில் இல்லை.

செய்துபார்க்க எளிது. ஆடாசிட்டியில் 100, 107, 114, 121, 129 ஹெர்ட்ஸ் சைன் ஒலிகளை (மேற்சுரமே இல்லாத ஒற்றைச் சுருதி ஒலி), ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். ஏதோ பூச்சி கத்துவது போலிருக்கும். அதை ஒலிபெருக்கி வழியாகக் காலியான பெரிய கூடத்தில் போட்டு, எதிர்க்கோடியில் மைக் வைத்துப் பதியுங்கள். கூடத்தின் எதிரொலியில் ஐந்தும் கலந்து ஒரே ஒலியாகும். அவரும் எதிரொலி அறையில் இப்படித்தான் கலந்தார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும், கேட்டால் ஒரு மணி நேரம் தருவார்கள். நாற்காலிகளை அடுக்கி ஓரமாகத் தள்ளி, திரைச்சீலைகளைச் சுருட்டிவிட்டுப் பதியுங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். தாம்பாளக் கார்வையையும் அதே கூடத்தில் போட்டுப் பதிந்துகொண்டு வந்துவிடுங்கள். ஸ்டாக்ஹவுசனே 1956-இல் ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலியையும் ஒன்றாகக் கலந்து பாரிஸுக்கும் கொலோனுக்கும் இருந்த சண்டையைத் தீர்த்துவிட்டார். நீங்களும் பிரித்துவைக்க வேண்டியதில்லை.

அடுக்குவது

முதல் படைப்பு மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பொருளும் மூன்றுக்கு மேல் வேண்டாம்: தலை போன தாம்பாளம், தறி வளையம், கூடத்து மின்னொலி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவதுதான் புதியவர் எல்லோரும் செய்யும் தவறு. தறியை முதலில் தனியாக, அது தறி என்பது மறந்துபோகும் வரை ஓட விடுங்கள். அதற்குள் தாம்பாளம் கீழ் ஸ்தாயியில், அரை வேகத்தில், மெதுவாக நுழையட்டும். வெட்டி எறிந்த 'ணங்'குகளைத் தொலைத்துவிடாதீர்கள். தனிக் கோப்பில் சேர்த்துவையுங்கள். கார்வையே இல்லாத அந்த அடிகளை வரிசையாக ஒட்டினால் கொன்னக்கோல் மாதிரி ஒரு தாளம் கிடைக்கும், கடைசி நிமிடத்துக்கு அது பெரிய பலம்.

டேப்பில் முடித்தவர்கள் ஸ்பூலைத் திருப்பிச் சுற்றாமல், முடிவு வெளியே இருக்கும்படி அப்படியே வையுங்கள். சுற்றிய டேப்பில் பலமான ஒலி அடுத்த அடுக்கில் மங்கலாகப் பதியும். முடிவு வெளியே இருந்தால் அந்த மங்கல் பெரும்பாலும் ஒலிக்குப் பின்னால் விழுந்து கார்வையில் மறையும். தொடக்கம் வெளியே இருந்தால் ஒலிக்கு முன்னாலேயே பேய் மாதிரி கேட்கும். டப்பாவின் மேல் வேகம், எந்த முனை வெளியே, எந்தத் தட்டு, தட்டின் எந்த இடத்தில் தட்டியது என்று எழுதி, அரிசிப் பானை பக்கம் இல்லாமல், ஈரம் ஏறாத மர அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.